முதுகில் கண் இல்லாதவர்கள்

போன வாரம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பவித்ரா என்று பெயர். உதவிப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறதாம். நாவலூர்ப் பக்கம் புதிதாகச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், போட்ட மறுநாளே பாதிப் பேர் ராங் சைடில் வருகிறார்கள் என்றாள்.

"சார், உங்க பீரியட்ல பெருங்களத்தூர் சைக்கிள் லேன்ல ராங் சைடு கம்ப்ளீட்டா நின்னு போச்சாமே? ஒருத்தர்கூட எதிர்ல வர்றதில்லைன்னு ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. எப்படி சார் பண்ணீங்க? ஒரு நாள் வந்து எங்களுக்குச் சொல்லணும்."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். நான்தான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மைக்கைப் பிடித்தால் எனக்குக் கோபம்தான் வரும், கோபத்தில் சொல்ல வேண்டியது விட்டுப்போகும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அப்புறமும் வரச் சொன்னால் வருகிறேன்.

நான் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பொறியாளர் வரைபடம் போடுவார், கான்டிராக்டர் ஆட்கள் வேலை செய்வார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் வெயிலில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது சாலை ஆய்வாளர். ரோட்டில் குழி இருந்தால் ஊரே அவனைத் தேடும். குழியை மூடிவிட்டால் அவன் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஓர் அடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு ரோடு கேங்கில் போட்டார்கள். கோதண்டம் என்று ஒரு மேஸ்திரி. நான் வண்டிகள் வருகிற திசைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து டேப் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"இன்னாடா, முதுகுல கண்ணு கீதா ஒனக்கு? திரும்பி நில்லு. லாரிக்கு மூஞ்சியக் காட்டு. அவன் ஒன்னப் பாக்காட்டி போறான், நீ அவனப் பாக்கலாம்ல?"

வலி இரண்டு நாளில் போய்விட்டது, பாடம் போகவில்லை. எங்கள் கேங்கில் இதற்கு 'முகம் பார்த்து வேலை' என்று பெயர். குழி அடைத்தாலும், கோடு போட்டாலும், ஓரத்துப் புல்லைச் செதுக்கினாலும் வண்டி வருகிற திசையைப் பார்த்தே முன்னேறுவோம். எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ரோட்டில் வேலை செய்து உயிரோடு வீட்டுக்குப் போன எவனைக் கேட்டாலும் சொல்வான்.

இப்போது மோகன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த லேன் வந்த காலத்தில் எங்களுக்கு உதவிக் கோட்டப் பொறியாளராக இருந்தார். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுதான் அவரிடம் இருந்த தொல்லையே. கத்த மாட்டார். உட்காருங்க எட்வின் என்பார். தன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுப்பார். நீங்கள் சொல்வதை நடுவில் குறுக்கிடாமல் கேட்பார். எல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "பாத்துக்கலாம்" என்பார்.

மகளுக்குக் கல்யாணம், லீவு வேண்டும் என்று போனாலும் பார்த்துக்கலாம். சிறுபாலம் விரிசல் விட்டிருக்கிறது என்று போனாலும் பார்த்துக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குள் ஆகட்டும், ஆகாது, அப்புறம் வா, என்னை மாட்டிவிடாதே எல்லாம் இருக்கும். எது என்று நாம்தான் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். டீ ஊற்றிக் கொடுக்கிறவரிடம் என்ன செய்வது?

சைக்கிள் பாதை மேலிடத்து உத்தரவாக வந்தது. பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே, சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு உள்பக்கம் புதிதாக அடுக்குமாடிகள் முளைத்த ஒரு இணைப்புச் சாலை. பெயர் வேண்டாம். நடுவில் மீடியன், இரண்டு பக்கமும் வண்டிகள். தெற்கே போகிற பக்கத்தில், ஏற்கெனவே இருந்த ரோட்டிலேயே ஓரமாகக் கொஞ்சம் வெட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சைக்கிள், அந்தப் பக்கம் லாரி. கோட்டின் மேல் நெடுக ஸ்பிரிங் போஸ்ட் நட வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. இடித்தால் மடங்கி நிமிர்கிற ஆரஞ்சு நிறக் கம்பங்கள். கம்பம் அடுத்த தவணையில் வரும், முதலில் பெயின்ட் அடியுங்கள் என்றார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். சர்ச்சுக்கு வராமல் ரோட்டுக்குப் போகிறவனைக் கர்த்தர் எந்தக் கணக்கில் வைப்பார் என்று என் மனைவி கிரேஸ் கேட்டதற்கு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன், இன்னும் சொல்லவில்லை.

ரோட்டில் கோடு போடுகிற தெர்மோ பெயின்ட் டப்பாவில் வருவதில்லை. மூட்டையில் மாவு மாதிரி வரும். தள்ளுவண்டி அடுப்பில் கொட்டிக் காய்ச்ச வேண்டும். தோசை மாவு பதத்துக்கு இளகி, கரண்டியில் எடுத்தால் அறுபடாமல் நாடாவாக இறங்க வேண்டும். கொஞ்சம் அதிகம் காய்ந்தால் மஞ்சளடிக்கும், குறைந்தால் பெயர்ந்துபோகும். முதலில் ரோட்டைக் கூட்டி, இரண்டு முனையிலும் ஆணி அடித்து, சுண்ணாம்பில் தோய்த்த நூலை இழுத்துக் கட்டி ஒரு சுண்டு சுண்டினால் நேர்கோடு விழும். அதன் மேல் பெயின்ட் பெட்டியை இழுத்துக்கொண்டே போக வேண்டும். பெயின்ட் ஆறுவதற்குள் பின்னாலேயே ஒருவன் கண்ணாடித் தூள் தூவ வேண்டும். ராத்திரி ஹெட்லைட்டில் கோடு மின்னுவது அதனால்தான். சைக்கிள் படத்துக்கும் அம்புக்குறிக்கும் தகரத்தில் வெட்டிய அச்சு. அச்சைத் தரையில் வைத்து ஊற்றி வழித்தால் முடிந்தது.

நான் அடுப்புப் பக்கம் நின்று பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சு வைக்கிற ஆட்கள் முன்னால் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் நாலைந்து அம்பு போட்டு முடித்திருந்தார்கள், அத்தனையும் தலைகீழ். வண்டிகள் தெற்கே போகின்றன, அம்புகள் வடக்கே காட்டுகின்றன.

அவர்கள் குடித்திருக்கவில்லை, தூங்கவும் இல்லை. எங்கள் கேங்கில் பழகிய ஆட்கள். வண்டி வருகிற வடக்கு முகத்தைப் பார்த்து நின்றார்கள், பார்த்தே முன்னேறினார்கள். கரும்பலகையில் எழுதுகிறவன் எழுத்தைத் தனக்கு நேராகத்தானே எழுதுவான்? அச்சின் தலையைத் தங்களுக்கு முன்னால் வைத்து ஊற்றிவிட்டார்கள். ரோட்டில் வேலை பார்த்தே வளர்ந்தவனைத் தவிர வேறு எவனுக்கும் இந்தத் தப்பைச் செய்ய வராது.

மோகன் சார் ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி அம்புகளைப் பார்த்தார். செதுக்கி எடுக்க மெஷின் கொண்டுவரலாமா என்று கேட்டேன்.

"டைம் இல்ல எட்வின். பிளாக் பெயின்ட் அடிச்சு மூடிட்டு, மேல கரெக்ட்டா போட்டுடுங்க. பாத்துக்கலாம்."

மூடினோம். தெற்கே பார்த்துப் புது அம்பு போட்டோம். ஐப்பசி மழை இரண்டு கொட்டியதும் கறுப்பு கரைந்து, உள்ளே புதைத்த அம்பு பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் மட்டும் அம்புக்கு இரண்டு தலை. தெற்கேயும் போகலாம், வடக்கேயும் போகலாம்.

அந்த நேரத்தில்தான் ராங் சைடுத் தகராறு பெரிதானது. அடுக்குமாடிக்காரர்கள் புகார் மேல் புகார் அனுப்பினார்கள். காலையில் வாக்கிங் போகிறவர்கள் மேல் சைக்கிள் மோதுகிறது, கார் கேட்டை விட்டு வெளியே எடுத்தால் எதிர்பாராத பக்கத்திலிருந்து சைக்கிள் வருகிறது என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. இடது பக்கம் வண்டி வரும் என்று எதிர்பார்க்காதவன் இடது பக்கம் பார்க்க மாட்டான்.

ஆனால் வருகிறவர்கள் யார் என்றும் சொல்ல வேண்டும். அந்த அடுக்குமாடிகளில் பாத்திரம் தேய்க்கிற, செடிக்குத் தண்ணீர் விடுகிற, கார் துடைக்கிற ஆட்கள்தான். எல்லோருக்கும் வீடு தெற்கே, வேலை வடக்கே, இரண்டும் ரோட்டின் ஒரே பக்கம். முன்பு மீடியனில் ஒரு இடைவெளி இருந்தது. விபத்து நடக்கிறது என்று அதை அடைத்துவிட்டார்கள். இப்போது சட்டப்படி போக வேண்டுமென்றால், வடக்கே வேலைக்குப் போகிறவன் முதலில் தெற்கே வண்டலூர்வரை போய், யூ டர்ன் எடுத்து, எதிர்ப்பக்கத்தில் பெருங்களத்தூர்ப் பாலம்வரை ஏறி, அங்கே லாரிகளுக்கு நடுவில் இன்னொரு யூ டர்ன் எடுத்துத் திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, இது ஊரைச் சுற்றி மூக்கைத் தொடுவது. கார்க்காரனுக்கு ஒரு பாட்டு கேட்கிற நேரம். சைக்கிள்காரனுக்குத் தொடை கழன்றுவிடும்.

தடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. போர்டு வைத்தேன். போர்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்து டீ குடித்தார்கள். அம்புகளை நெருக்கமாகப் போட்டேன். கடைசியில் நானே காலையில் போய் விசிலோடு நின்றேன்.

அப்படி நின்ற முதல் வாரத்தில் பழக்கமானவர்தான் சாகுல் பாய். சைக்கிளில் இடியாப்பம் விற்பவர். கேரியரில் பெரிய அலுமினிய டப்பா, ஹாண்டில்பாரில் தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் வைத்த தூக்கு, முன்னால் சின்ன ஸ்பீக்கர். "இடியாப்பம், சூடா இடியாப்பம்" என்று அவர் குரலையே பதிவு செய்து ஓட விட்டிருப்பார். என் வயதுதான் இருக்கும். விடியற்காலையில் அவர் மனைவி மும்தாஜ் அவித்துக் கொடுப்பதை, சூடு ஆறுவதற்குள் ஐந்தாறு அடுக்குமாடியில் விற்றாக வேண்டும். ஆறிப்போன இடியாப்பத்தை எவன் வாங்குவான்? சட்டப்படி ஊரைச் சுற்றி வந்தால் முதல் கேட்டுக்கு வருவதற்குள் டப்பா ஜில்லிட்டுவிடும்.

கையை நீட்டி நிறுத்தினேன். ஸ்பீக்கரை அணைத்தார்.

"பாய், அம்பு தெரியலையா? எந்தப் பக்கம் காட்டுது?"

"எந்த அம்பு சார் சொல்றே? தோ, இங்க ரெண்டு தலை கீது. நான் மேல்தலைய ஃபாலோ பண்ணிகினு வரேன்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ராங் சைடில் வந்தால் ஆபத்து என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். அவர் நிதானமாக ஸ்டாண்டு போட்டார்.

"காலைல வூட்ட விட்டுக் கிளம்பறப்போ என் சம்சாரம் இன்னா சொல்றா? பாத்துப் போங்கன்றா. ஒன் வூட்லயும் அதான சொல்வாங்க? இப்டி வந்தா எதுக்க வர்ற லாரிய நான் பாக்கறேன். ஆடிகினு வந்தான்னா எறங்கி ஓரமா நின்னுக்கறேன். நீ சொல்ற பக்கம் போனா பின்னாடி வர்றத எப்டி சார் பாக்கறது? முதுகுல கண்ணா கீது எனக்கு?"

கோதண்டம் மேஸ்திரியின் அறை முதுகில் மறுபடி விழுந்த மாதிரி இருந்தது. வார்த்தைகூட மாறவில்லை. ஆயுசு பூராவும் நான் எதைச் செய்து உயிரோடு இருந்தேனோ, அதைச் செய்யாதே என்று இன்னொருவனுக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

பாய் சொன்னது முழுக்கச் சரி என்றும் சொல்ல மாட்டேன். நடக்கிறவனுக்கும் நின்று வேலை செய்கிறவனுக்கும் அந்த நியாயம் பொருந்தும். சைக்கிள் ஓடுகிற வண்டி. கேட்டிலிருந்து வெளியே வரும் கார்க்காரன் கண்ணுக்கு அது படாது, எதிரே நேராக வருகிற சைக்கிளோடும் முட்டும். ஆனால் அவர் பயந்தது எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் வருகிற வண்டிக்கு. அந்தப் பயத்துக்கு மருந்து விசில் அல்ல, கம்பம். கோட்டின் மேல் கம்பம் நின்றால் லாரி உள்ளே வராது, முதுகைக் காட்டிக்கொண்டு போகலாம். மீடியனில் சைக்கிள் மட்டும் நுழைகிற அளவுக்கு ஒரு வழி விட்டால் ஊரைச் சுற்றவும் வேண்டாம். ராங் சைடு தானாக நின்றுவிடும்.

மோகன் சாரிடம் போய்ச் சொன்னேன். டீ ஊற்றிக் கொடுத்தார். முழுக்கக் கேட்டார். "குட் பாயின்ட் எட்வின்," என்றார். பேனாவை மூடினார். "பாத்துக்கலாம்."

ஒரு மாதம் கழித்துக் கம்பங்கள் வந்து இறங்கின. கேட்டது ஒரு பங்கு என்றால் வந்தது கால் பங்கு. வந்தவரையில் வளைவிலும் பஸ் நிற்கிற இடத்திலும் நட்டால் போதும், லாரி உள்ளே ஒடிப்பது அங்கேதான் என்று சுண்ணாம்பில் புள்ளி வைத்துத் தயாராக இருந்தேன். மோகன் சார் வந்தார். இந்தத் தடவை ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"இதெல்லாம் அங்க வேணாம். லேன் முடியற எடத்துல, தெற்கு வாயில குறுக்க நட்டுடுங்க. கொஞ்சம் வாய் விட்டு, ஜிக்ஜாக்கா. எதிர்ல நுழையறவன் எறங்கித் தள்ளிட்டுதான் வரணும். அடுத்த வாரம் மேலேர்ந்து இன்ஸ்பெக்ஷன். ஒரு சைக்கிள்கூட ராங்ல தெரியக் கூடாது."

"சார், அப்ப கோட்டு மேல?"

"கோடுதான் இருக்கே."

"கோடு பெயின்ட் சார். லாரிக்கு அது தெரியுமா?"

அவர் என் தோளில் கை வைத்தார். அதுவரை வைத்ததில்லை. "கம்ப்ளெயின்ட் எதுக்கு வந்திருக்கு எட்வின்? ராங் சைடுக்கு. லாரி உள்ள வருதுன்னு யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தாங்களா?"

கொடுக்கவில்லைதான். பாத்திரம் தேய்க்கிறவர்கள் எங்கே போய் எழுதிக் கொடுப்பார்கள்?

லாரியைத் தடுக்க வந்த கம்பத்தைச் சைக்கிளைத் தடுக்க நட்டோம். ஆபீஸ் பாஷையில் இதற்கு 'கிடைத்த பொருளை உரிய இடத்தில் பயன்படுத்துதல்' என்று பெயர். எனக்குத் தெரிந்த பாஷையில் வேறு பெயர் உண்டு, அச்சில் வராது.

நட்ட மறுநாள் காலை சாகுல் பாய் கம்பத்துக்கு முன்னால் நின்றார். டப்பா அகலம், வளைந்து நுழைய முடியாது. தள்ளிக்கொண்டும் வர முடியாது. என்னைப் பார்த்தார். அன்று அவர் கேலி பேசவில்லை.

"இன்னா சார் இப்டிப் பண்ணிட்டே?"

"இன்ஸ்பெக்ஷன் பாய். மேலேர்ந்து உத்தரவு. சரியான பக்கமே போங்க. தனி லேன், அம்பு போட்டிருக்கு, வண்டிக்காரன் பாத்துதான் வருவான்."

"வருவானா?"

"வருவான்."

என் பேச்சை நம்பித்தான் போனாரா, வேறு வழி இல்லாமல் போனாரா, எனக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினார். வண்டலூர் போய், பெருங்களத்தூர் போய், இறங்கி வந்தார். சூடு நிற்க டப்பாவைச் சுற்றிக் கோணி கட்டியிருந்தார். என்னைத் தாண்டும்போது மணியடித்துவிட்டுப் போவார். மற்றவர்களும் ஒவ்வொருவராக மாறினார்கள். சிலர் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தார்கள்.

இன்ஸ்பெக்ஷன் நன்றாக நடந்தது. எல்லாச் சைக்கிளும் ஒரே திசை. மேலதிகாரி மோகன் சாரிடம் கை குலுக்கினார். மோகன் சார் திரும்பி என்னையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தார். நல்ல மனிதர் என்று சொன்னேனே.

அதற்கடுத்த வாரம், பஸ் நிற்கிற இடத்தில், நான் சுண்ணாம்புப் புள்ளி வைத்திருந்த அதே இடத்தில் அது நடந்தது. ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நடு ரோட்டில் நின்றது. பின்னால் வந்த தண்ணீர் லாரி பிரேக் போடாமல் இடது பக்கம் ஒடித்துக் கோட்டைத் தாண்டியது. சாகுல் பாய் கோட்டுக்கு உள்ளேதான் போய்க்கொண்டிருந்தார். அம்பு காட்டிய திசையில், லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

சத்தம் கேட்டு ஓடினேன். பாய் ஓரத்தில் கிடந்தார், கண் திறந்திருந்தது. சைக்கிள் மடங்கிக் கிடந்தது. இடியாப்பம் அம்புக்குறி மேல் வெள்ளை வெள்ளையாகச் சிதறி ஆவி பறந்துகொண்டிருந்தது. கோணி கட்டியதில் சூடு நன்றாகவே நின்றிருந்தது. ஸ்பீக்கர் மட்டும் அணையவில்லை. சூடா இடியாப்பம், சூடா இடியாப்பம் என்று கூவிக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு பெண் குனிந்து வயரைப் பிடுங்கினாள்.

நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "பாக்கல சார், பின்னாடி வந்தான்," என்றார். தன் வேலையைச் சரியாகச் செய்யாதவன் மாதிரி சொன்னார். ஆம்புலன்ஸ் வரும்வரை அதையே சொன்னார்.

ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகு மோகன் சார் வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எந்தப் பக்கமா போயிட்டிருந்தார்?"

"சரியான பக்கம் சார்."

"ஷ்யூரா?"

"நாந்தான் சார் அனுப்புனேன்."

மூச்சை விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியதை நான் பார்த்தேன். "அப்ப நம்ம லேன்ல பிரச்சினை இல்ல. லாரி டிரைவர் தப்பு. நம்ம சைடு க்ளியர்," என்றார்.

என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியைப் பார்த்துக் கத்தியது அன்றைக்குத்தான். நடு ரோட்டில், பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேர் முன்னால், என்ன கத்தினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. கம்பம் எங்கே, கம்பம் எங்கே என்று கேட்டதாக ஷேர் ஆட்டோக்காரன் பிறகு சொன்னான். மோகன் சார் காத்திருந்து, நான் ஓய்ந்ததும், "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க எட்வின்," என்றார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. மெமோவும் தரவில்லை. தந்திருந்தால் பதில் எழுதியிருப்பேன். அது அவருக்குத் தெரியும்.

பாயிடம் சரி தப்பு என்று யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் இருந்தது சரியான பக்கம் என்பதால் விசாரிக்க ஒன்றும் இல்லை. ராங் சைடில் வந்து அடிபட்டிருந்தால் கூட்டம் போட்டிருப்பார்கள்.

இப்போது பவித்ராவின் கேள்விக்கு வருகிறேன். ராங் சைடு எப்படி நின்றது?

அன்றைக்கு ரோட்டில் சிதறிய இடியாப்பத்தை அத்தனை பேரும் பார்த்தார்கள். சைக்கிளில் வேலைக்கு வந்த பெண்கள் அடுத்த நாளிலிருந்து ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வந்தார்கள். தோட்டக்காரர் ஒருவர் வேலையை விட்டார். காலி லேனில் முதலில் ஒரு கார் நின்றது, பிறகு கார்கள் வரிசையாக நின்றன. இப்போது போய்ப் பாருங்கள். ஒரு முனையில் இளநீர்க் கடை, மறுமுனையில் பானிபூரி வண்டி. எதிர்த் திசையில் ஒரு சைக்கிள்கூட வருவதில்லை. நேர்த் திசையிலும் வருவதில்லை. ஆபீஸில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள் அம்மா.

மோகன் சார் பதவி உயர்ந்து போய்விட்டார். போகும்போது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அந்த லேனைப் பற்றிப் படம் போட்டுப் பேசினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து போண்டா தின்றேன். எழுந்து வந்திருக்கலாம். எழுந்து வந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகியிருக்காது. போண்டா மிஞ்சியிருக்கும்.

போன் வந்த அன்று சாயங்காலம் சாகுல் பாய் வீட்டுக்குப் போனேன். அவ்வப்போது போவதுதான். இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். நடக்கிறார், ஆனால் காலைத் தூக்கிச் சைக்கிளில் போட முடியாது. மும்தாஜ் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து விற்கிறாள், பாய் உட்கார்ந்த இடத்தில் அச்சில் மாவைப் பிழிகிறார். வருகிறவர்கள் வருகிறார்கள். அடுக்குமாடிக்காரர்கள் வருவதில்லை, அவர்களுக்குப் போன் ஆப்பில் எல்லாம் வந்துவிடுகிறது.

பவித்ரா கேட்டதைச் சொன்னேன். பாய் சத்தமாகச் சிரித்தார்.

"போ சார், போய்ச் சொல்லு. நல்ல விஷயம்தான? எங்க ராங்கெல்லாம் நீ நிறுத்திட்டல்ல."

"பாய், கிண்டல் பண்ணாதீங்க."

"கிண்டல் இல்ல சார்," என்றார். பிழிந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் இப்பவும் படுத்துகினு யோசிப்பேன். அன்னிக்கு எதுக்க வந்திருந்தா லாரிய பாத்திருப்பேன். எறங்கி நின்னிருப்பேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல."

மும்தாஜ் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இருட்டுகிற நேரம். கிளம்பும்போது பாய் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாசல்வரை வந்தார். வீட்டுக்கு வந்தவனை அனுப்பும்போது எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், வேறு அர்த்தம் எதுவும் வைத்துச் சொல்லவில்லை.

"பாத்துப் போங்க சார்."

அந்த ரோட்டின் வழியாகத்தான் நான் வீட்டுக்கு நடந்து வர வேண்டும். அம்புகள் தேய்ந்திருந்தன. லாரிகளின் விளக்குகள் முகத்தில் அடிக்க அடிக்க, வீடுவரை எதிர்த் திசையிலேயே நடந்து வந்தேன்.